துருவுக்குள் ஓடும் மின்சாரம்

ஒரு கிலோ இரும்பு ஆணிகளை மழையிலும் வெயிலிலும் போட்டுவைக்கிறோம். அவை மொத்தமும் துருவாகும்வரை காத்திருந்து, ஒரு தூள்கூடச் சிந்தாமல் அள்ளி, ஈரத்தையெல்லாம் போக்கி நிறுத்துப் பார்த்தால் எடை எவ்வளவு இருக்கும்? துரு இரும்பைத் தின்றுவிட்டது என்றுதானே பேச்சு. தின்றிருந்தால் எடை குறைய வேண்டும். தராசோ ஏறத்தாழ 1 கிலோ 430 கிராம் காட்டும். கூடுதலாக வந்த 430 கிராமும் ஆக்ஸிஜன்.

இந்த எடைக் கணக்குதான் நவீன வேதியியலுக்கே வழி திறந்தது. உலோகத்தைச் சுட்டால் அதிலிருந்து ஏதோ ஒன்று வெளியேறுகிறது என்று 18ஆம் நூற்றாண்டு அறிஞர்கள் நம்பினார்கள். பாரிஸில் வேதியியலர் லவாய்சியர் 1770களில் வெள்ளீயத்தையும் ஈயத்தையும் மூடிய கலத்துக்குள் வைத்துச் சுட்டார். கலத்தின் மொத்த எடை மாறவில்லை. மூடியைத் திறந்தபோது காற்று உள்ளே பாய்ந்தது. எடை அப்போதுதான் கூடியது. ஆக, உலோகம் எதையும் வெளியே விடவில்லை, காற்றிலிருந்து எதையோ எடுத்துக்கொண்டது. அந்தப் பொருளுக்குப் பிற்பாடு ஆக்ஸிஜன் என்று பெயர் வைத்தவரும் அவரே.

இரும்போடு ஆக்ஸிஜன் சேர்ந்தால் துரு. பள்ளிப் பாடம் பெரும்பாலும் இங்கேயே நின்றுவிடுகிறது. ஆனால் ஒரே ஜன்னலில் ஒரு கம்பி மட்டும் ஏன் முதலில் இற்றுப்போகிறது, பெயின்ட் அடித்த இடம் ஏன் கொப்புளிக்கிறது, கடலோர வீடுகளில் கான்கிரீட் ஏன் பெயர்ந்து விழுகிறது என்ற கேள்விகளுக்கு அதில் விடை கிடையாது. விடை வேண்டுமென்றால் துருப்பிடிப்பதை ஒரு மின்சுற்றாகப் பார்க்க வேண்டும்.

எலக்ட்ரான் கைமாறும் கதை

ஆக்ஸிஜனேற்றம் என்பது முதலில் ஆக்ஸிஜனோடு சேர்வதை மட்டுமே குறித்தது. எலக்ட்ரானைப் பற்றித் தெரிந்த பிறகு விளக்கம் விரிந்தது. ஓர் அணு எலக்ட்ரானை இழந்தால் ஆக்ஸிஜனேற்றம். எலக்ட்ரானைப் பெற்றால் ஒடுக்கம். சோடியமும் குளோரினும் சேர்ந்து சமையல் உப்பு உண்டாகும்போது அங்கே ஆக்ஸிஜன் கிடையாது. இருந்தும் சோடியம் எலக்ட்ரானை இழப்பதால் அதுவும் ஆக்ஸிஜனேற்றமே.

இது ஒரு கொடுக்கல் வாங்கல். கொடுப்பவர் இருந்து வாங்குபவர் இல்லையென்றாலும், வாங்குபவர் இருந்து கொடுப்பவர் இல்லையென்றாலும் கணக்கு நடக்காது. அதனால்தான் ஆக்ஸிஜனேற்றமும் ஒடுக்கமும் எப்போதும் இணைந்தே நிகழ்கின்றன.

துருவில் கொடுப்பது இரும்பு. ஒவ்வோர் இரும்பு அணுவும் முதலில் இரண்டு எலக்ட்ரான்களை விட்டுவிட்டு, நேர்மின்னேற்றம் பெற்ற அயனியாக ஈரத்தில் கரைகிறது. வாங்குவது, நீரில் கரைந்திருக்கும் ஆக்ஸிஜன். ஓர் ஆக்ஸிஜன் மூலக்கூறு நான்கு எலக்ட்ரான்களை எடுத்துக்கொண்டு, இரண்டு நீர் மூலக்கூறுகளோடு சேர்ந்து நான்கு ஹைட்ராக்சைடு அயனிகளாக மாறுகிறது. இரண்டு இரும்பு அணுக்கள் கொடுத்ததை ஒரு மூலக்கூறு வாங்கிக்கொள்வதால் கணக்கு நேராகிறது.

கரைந்த இரும்பு அயனியும் ஹைட்ராக்சைடும் சந்தித்தால் இரும்பு ஹைட்ராக்சைடு உருவாகும். அதன்மேல் மேலும் ஆக்ஸிஜன் பட, ஒவ்வோர் இரும்பு அயனியும் மூன்றாவது எலக்ட்ரானையும் இழக்கிறது. செம்பழுப்பு நிறம் வருவது இந்தக் கடைசிக் கட்டத்தில்தான். ஆழ்துளைக் கிணற்றிலிருந்து இறைக்கும்போது தெளிவாக இருந்த நீர், வாளியில் சிறிது நேரம் நின்றதும் செம்பழுப்பாகக் கலங்குவதைப் பல ஊர்களில் பார்க்கலாம். நிலத்தடியில் காற்றுப்படாமல் இரண்டு எலக்ட்ரான் இழந்த நிலையில் கரைந்திருந்த இரும்பு, மேலே வந்து காற்றுப்பட்டதும் மூன்றாவதையும் இழந்து படிகிறது. துருவின் இரண்டாம் பாதியை வாளிக்குள் பார்க்கிறோம் என்றே சொல்லலாம்.

கரையும் இடம் வேறு, துரு தெரியும் இடம் வேறு

கொடுப்பதும் வாங்குவதும் ஒரே புள்ளியில் நடக்க வேண்டியதில்லை. இரும்பு மின்சாரத்தைக் கடத்தும். ஆகவே ஓரிடத்தில் விடுபட்ட எலக்ட்ரான்கள் உலோகத்தின் வழியே வேறோர் இடத்துக்குப் போய் ஆக்ஸிஜனிடம் சேரலாம். எலக்ட்ரானை இழக்கும் இடம் நேர்மின்வாய். ஆக்ஸிஜன் அதை வாங்கும் இடம் எதிர்மின்வாய். உலோகத்துக்குள் எலக்ட்ரான்கள் ஓட, மேலே படிந்த ஈரத்தில் அயனிகள் நகர்ந்து சுற்றை மூடுகின்றன. ஒரு பேட்டரிக்கு வேண்டிய எல்லாமே ஓர் ஈர ஆணியில் இருக்கின்றன.

கேம்பிரிட்ஜைச் சேர்ந்த யூ. ஆர். எவன்ஸ் 1920களில் இதை ஒரே ஒரு துளியில் கண்ணுக்குத் தெரியும்படி செய்து காட்டினார். சுத்தமான இரும்புத் தகட்டின் மேல் உப்புநீர்த் துளி ஒன்றை வைத்தார். அதில் இரண்டு நிறங்காட்டிகள் கலந்திருந்தன. பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடு, கரைந்த இரும்பு இருக்கும் இடத்தை நீலமாக்கும். பினாப்தலீன், ஹைட்ராக்சைடு பெருகும் இடத்தை இளஞ்சிவப்பாக்கும். சிறிது நேரத்தில் துளியின் நடுப்பகுதி நீலமாகவும் ஓரம் இளஞ்சிவப்பாகவும் மாறின. இரண்டுக்கும் நடுவே பழுப்பு வளையமாகத் துரு படிந்தது.

காற்று எளிதில் புகும் இடம் துளியின் ஓரம். ஆக்ஸிஜன் அங்கேதான் அதிகம். ஆனால் இரும்பு கரைந்ததோ ஆக்ஸிஜன் குறைவாக இருந்த நடுப்பகுதியில். முதல் பார்வைக்கு இது தலைகீழாகத் தோன்றும். ஆக்ஸிஜன் நிறைந்த இடம் எலக்ட்ரானை வாங்கும் வேலையை எடுத்துக்கொள்வதால், கொடுக்கும் வேலை ஆக்ஸிஜன் குறைந்த இடத்தின் தலையில் விழுகிறது.

நடைமுறையில் இதன் பொருள் பெரிது. வாஷருக்கு அடியில், இரண்டு தகடுகள் ஒட்டும் இடுக்கில், சேறு படிந்த மட்கார்டின் உட்புறத்தில், கொப்புளித்த பெயின்டுக்கு அடியில் என்று காற்று நன்றாகப் போகாத, ஆனால் ஈரம் தங்குகிற இடங்களில்தான் இரும்பு முதலில் இற்றுப்போகிறது. வெளியே வழிந்து நிற்கும் பழுப்புக் கறை அடையாளம் மட்டும். குழி விழுந்திருப்பது உள்ளே.

உப்பு என்ன செய்கிறது?

உப்பு இரும்போடு சேர்ந்து துருவாவதில்லை. சுற்றை வேகப்படுத்துவதே அதன் வேலை. தூய நீர் மின்சாரத்தை மிகக் குறைவாகக் கடத்தும். லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்புள்ள கடல்நீரில் அயனிகள் தாராளமாக நகர்வதால் சுற்று தடையின்றி ஓடுகிறது. மேலும், உலோகத்தின் மேல் இயல்பாக உருவாகும் மெல்லிய காப்புப் படலத்தைக் குளோரைடு அயனி அங்கங்கே உடைத்துவிடும். உப்புக்கு ஈரத்தை ஈர்க்கும் குணமும் உண்டு. மழையே பெய்யாத நாளிலும் உப்புத்தூசி படிந்த கம்பியின் மேல் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் இருக்கும்.

இந்த மூன்றும் ஒன்றுசேரும் இடம் பாம்பன் நீரிணை. 1914 பிப்ரவரியில் திறக்கப்பட்ட பழைய ரயில் பாலம் ஒரு நூற்றாண்டுக்கு மேல் உப்புக்காற்றில் நின்றது. இடைவிடாத பெயின்டும் பராமரிப்புமே அதைக் காத்துவந்தன. 2022 டிசம்பரில் பாதுகாப்புக் காரணங்களால் அதில் ரயில் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்ட புதிய பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகள், பாலிசிலாக்சேன் என்ற உயர்தர மேற்பூச்சு, முழுக்க வெல்டிங் செய்த இணைப்புகள் ஆகியவற்றைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். வெல்டிங் இணைப்பால் என்ன லாபம் என்று எவன்ஸின் துளியே சொல்லிவிடும். போல்ட்டும் தகடும் சேரும் இடுக்குகள் குறைந்தால், ஈரம் ஒளிந்து நின்று அரிக்கும் இடங்களும் குறையும்.

பாலத்துக்கு அருகிலேயே, மண்டபத்தில், கடற்காற்றில் உலோகத் தகடுகளை வைத்துச் சோதிக்கும் நிலையம் ஒன்று இயங்கிவருகிறது. காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்தது அது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்து வரவழைத்த நிறுவனம்; 1948இல் நேரு அடிக்கல் நாட்ட, 1953இல் திறக்கப்பட்டது. இந்தியாவின் எந்தப் பகுதியில் உலோகம் எவ்வளவு வேகமாக அரிபடுகிறது என்பதற்கு வரைபடம் தயாரித்ததும் இவர்களே.

அலுமினியம் தப்பிப்பது எப்படி?

எலக்ட்ரானைக் கொடுக்கும் ஆர்வம் எல்லா உலோகங்களுக்கும் ஒன்றுபோல் இருப்பதில்லை. அதை வோல்ட்டில் அளந்து வரிசைப்படுத்தியிருக்கிறார்கள். மக்னீசியம் மைனஸ் 2.37, அலுமினியம் மைனஸ் 1.66, துத்தநாகம் மைனஸ் 0.76, இரும்பு மைனஸ் 0.44, வெள்ளீயம் மைனஸ் 0.14, செம்பு பிளஸ் 0.34. எண் எவ்வளவு கீழே போகிறதோ அவ்வளவு எளிதாக அந்த உலோகம் எலக்ட்ரானை இழக்கும்.

இந்தக் கணக்குப்படி அலுமினியப் பாத்திரம் இரும்புக்கு முன்பே அழிந்திருக்க வேண்டும். அழியாததற்குக் காரணம் அதன் ஆக்சைடு. காற்றுப்பட்ட உடனே சில நானோமீட்டர் தடிமனில் ஒரு படலம் உண்டாகி, உலோகத்தோடு இறுக ஒட்டிக்கொண்டு, மேற்கொண்டு ஆக்ஸிஜனை உள்ளே விடாமல் அடைத்துவிடுகிறது. இரும்பின் துருவுக்கு இந்தக் குணம் இல்லை. அது நுண்துளைகள் நிறைந்தது, தான் உருவான இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் மேல் இடம் கேட்பது, அதனாலேயே உதிர்ந்துவிடும். உதிர்ந்ததும் புதிய இரும்பு வெளியே தெரியும்.

எஃகில் 10.5 சதவீதத்துக்குக் குறையாமல் குரோமியம் சேர்த்தால் அலுமினியத்தின் உத்தி இரும்புக்கும் வாய்க்கிறது. எவர்சில்வர் பளபளப்பாக இருப்பது மேலேயுள்ள குரோமியம் ஆக்சைடு படலத்தால். கீறினாலும், ஆக்ஸிஜன் கிடைத்துக்கொண்டிருக்கும்வரை அந்தப் படலம் தானாகவே மூடிக்கொள்ளும். கடலோரத்தில் குளோரைடு இதையும் துளைத்துப் புள்ளிப் புள்ளியாகக் கறை படுத்தும். அதனால் கடலுக்கு அருகே 304 ரகத்தைவிட, மாலிப்டினம் கலந்த 316 ரகம் நல்லது.

டெல்லி இரும்புத் தூண் 1,600 ஆண்டுகளாக நிற்பதும் படலத்தின் புண்ணியத்தால்தான். அதன் இரும்பில் பாஸ்பரஸ் அதிகம். அது உருவாக்கிய பாதுகாப்புப் படலத்தைக் கான்பூர் ஐ.ஐ.டி.யின் ஆர். பாலசுப்ரமணியம் விரிவாக ஆராய்ந்து எழுதியிருக்கிறார். அந்தத் தூணும் துருப்பிடித்திருக்கிறது. துருவே கவசமாக நின்றுவிட்டது.

ஒன்று கரைந்து மற்றதைக் காப்பது

இரண்டு உலோகங்கள் தொட்டுக்கொண்டு, நடுவே ஈரமும் இருந்தால், வரிசையில் எண் குறைந்த உலோகம் கொடுக்கும். எண் கூடிய உலோகம் பிழைக்கும். ஜி.ஐ. பைப்பும் ஜி.ஐ. தகரமும் இந்த விதியை நம்பியே தயாராகின்றன. சுமார் 450 டிகிரி செல்சியஸில் உருகிய துத்தநாகத்தில் இரும்பை முக்கி எடுக்கிறார்கள். பூச்சு இருக்கும்வரை அது வெறும் மூடி. கீறல் விழுந்து இரும்பு தெரிந்தாலும் துத்தநாகம் முந்திக்கொண்டு எலக்ட்ரானைக் கொடுத்து இரும்பைக் காக்கும். வெல்டிங் சூட்டில் துத்தநாகம் எரிந்துபோகும் என்பதால், பற்றவைத்த இடங்களில் மட்டும் துரு முதலில் எட்டிப் பார்க்கும். அங்கே துத்தநாகம் மிகுந்த பெயின்ட் பூசியே ஆக வேண்டும்.

வெள்ளீயம் பூசிய டப்பாவில் கதை தலைகீழ். பூச்சில் கீறல் விழுந்து ஈரம் பட்டால், வெள்ளீயம் வாங்கும் பக்கத்தில் நின்றுகொள்ள, இரும்பு இன்னும் வேகமாகக் கரையும். கீறல்பட்ட டின் அந்த இடத்தில் சீக்கிரமே ஓட்டையாவது இதனால்தான்.

1886இல் திறக்கப்பட்ட நியூயார்க் சுதந்திர தேவி சிலைக்கும் இதே கோளாறு வந்தது. வெளியே செம்புத் தோல், உள்ளே இரும்புச் சட்டம். இரண்டும் தொடாமலிருக்க அரக்கில் நனைத்த ஆஸ்பெஸ்டாஸை நடுவில் வைத்திருந்தார்கள். நாளடைவில் அது நைந்து ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொள்ள, இரும்புச் சட்டங்கள் துருவேறி உப்பின. நூற்றாண்டு விழாவுக்கு முன் 1980களில் சட்டங்களை எடுத்துவிட்டுத் துருப்பிடிக்காத எஃகு பொருத்தினார்கள்.

கப்பல்களின் அடிப்புறத்தில் துத்தநாக, அலுமினியக் கட்டிகள் பொருத்தப்படுவதும் இதே விதியால். அவை கரைந்து தீரத் தீரப் புதியன மாற்றப்படும். இந்த யோசனை பிரிட்டிஷ் வேதியியலர் ஹம்ப்ரி டேவியுடையது. 1824இல் கப்பல்களின் செம்புத் தகட்டைக் காக்க அவர் துத்தநாகத்தையும் இரும்பையும் இணைத்தார். செம்பு கரையாமல் நின்றது. ஆனால் கரைந்த செம்பின் நஞ்சுதான் கடல் சிப்பிகள் ஒட்டாமல் தடுத்துவந்தது என்பது அப்போதுதான் தெரிந்தது. சிப்பி மண்டிக் கப்பல்களின் வேகம் குறைய, கடற்படை அந்த ஏற்பாட்டைக் கைவிட்டது.

கான்கிரீட்டுக்குள் கம்பி

நம் வீடுகளில் துருவால் வரும் பெரிய செலவு கான்கிரீட்டுக்குள் இருக்கிறது. சிமென்ட் கலவை கடும் காரத்தன்மை உடையது, அதன் பி.எச். மதிப்பு 12.5க்கு மேல். அந்தக் காரத்தில் கம்பியைச் சுற்றி ஓர் உறுதியான ஆக்சைடு படலம் உருவாகி, இரும்பு எலக்ட்ரானை இழப்பதை ஏறக்குறைய நிறுத்திவிடுகிறது. நன்றாகப் போட்ட கான்கிரீட்டில் கம்பி பல பத்தாண்டுகள் துருவில்லாமல் இருப்பது இதனால்தான்.

இதைக் கெடுப்பவை இரண்டு. காற்றிலுள்ள கார்பன் டைஆக்சைடு மெல்ல உள்ளே ஊறிக் காரத்தன்மையைக் குறைக்கிறது, பி.எச். 9க்குக் கீழே போனால் படலம் நிலைக்காது. இரண்டாவது எதிரி குளோரைடு. உப்புநீரில் கலவை போட்டாலோ கழுவாத கடல் மணலைச் சேர்த்தாலோ எதிரியை நாமே உள்ளே வைத்துப் பூசிவிடுகிறோம். துரு கூடுதல் இடம் கேட்டு நெருக்க, கம்பியின் நீளத்துக்கே விரிசல் ஓடும். கடைசியில் சன்ஷேடும் தளத்தின் அடிப்பகுதியும் பெயர்ந்து விழும்.

அந்த விரிசலின் மேல் சிமென்ட்டைப் பூசி மூடினால் சுற்று நிற்காது. பெயர்ந்த இடத்தை மட்டும் கொத்திப் புதுக் கலவை வைத்தாலும், பக்கத்துப் பழைய கான்கிரீட்டில் குளோரைடு இருந்தால் ஆபத்து தொடரும். புதுக் கலவைக்குள் இருக்கும் கம்பி இப்போது வாங்கும் பக்கமாக மாறி, அதை ஒட்டிய பழைய பகுதியைக் கரைய வைக்கும். ஓரிடத்தைப் பழுதுபார்த்த பிறகு அதற்கு அடுத்த இடம் பெயர்வதற்குக் காரணம் இந்த மாற்றமாக இருக்கலாம். கொத்தனார் மேல் பழி போடுவதற்கு முன் கலவை நீரின் உப்பையும் கம்பிக்கு மேல் விட்ட கான்கிரீட்டின் தடிமனையும் பார்ப்பது நியாயம்.

தாதுவுக்குத் திரும்பும் இரும்பு

பூமியில் இரும்பு பெரும்பாலும் ஆக்சைடாகவே கிடைக்கிறது. ஊதுலையில் நிலக்கரிக் கோக்கிலிருந்து உருவாகும் கார்பன் மோனாக்சைடு தாதுவின் ஆக்ஸிஜனைப் பறித்துக்கொள்ள, இரும்பு இழந்த எலக்ட்ரான்களைத் திரும்பப் பெறுகிறது. இது ஒடுக்கம். அங்கே அனல் கொட்டி மேலேற்றிய இரும்பு, துருப்பிடிக்கும்போது தன் பழைய நிலைக்கே இறங்குகிறது. ஊதுலை வழியில் ஒரு டன் எஃகு தயாரிக்க ஏறத்தாழ 2 டன் கார்பன் டைஆக்சைடு வெளியேறுகிறது. கரிக்குப் பதில் ஹைட்ரஜனால் ஒடுக்கினால் கழிவாக நீர் மட்டுமே வரும். ஸ்வீடனில் 2021இல் அப்படி இரும்பு எடுத்துக் காட்டியிருக்கிறார்கள். இவ்வளவு பாடுபட்டு எடுத்த உலோகம் அரிமானத்தால் அழிவதால் உலகுக்கு ஆகும் செலவு ஆண்டுக்கு 2.5 டிரில்லியன் டாலர், அதாவது உலக மொத்த உற்பத்தியில் 3.4 சதவீதம் என்று 2016இல் வெளியான சர்வதேச ஆய்வு ஒன்று மதிப்பிட்டது.

துருவை வேலை வாங்குவதும் உண்டு. பாக்கெட் தின்பண்டங்களில் கிடக்கும் ‘ஆக்ஸிஜன் உறிஞ்சி’ பொட்டலத்துக்குள் இருப்பது இரும்புத்தூள். ஒரு கிராம் இரும்பு துருவேறி ஏறத்தாழ 300 மில்லிலிட்டர் ஆக்ஸிஜனைப் பிடித்துக்கொள்வதால் பண்டம் கெடாமல் இருக்கிறது.

வீட்டில் செய்ய வேண்டியது

துருவுக்கு வேண்டியவை நான்கு: எலக்ட்ரானைக் கொடுக்கும் இடம், வாங்கும் ஆக்ஸிஜன், எலக்ட்ரான் ஓட உலோகம், அயனி நகர ஈரம். ஏதேனும் ஒன்றை அறுத்தாலும் சுற்று நின்றுவிடும். தோசைக்கல்லைத் துடைத்து எண்ணெய் தடவி வைத்தால் ஈரமும் காற்றும் இரும்பைத் தொடாது. கிரில்லுக்குப் பெயின்ட் அடிப்பதும் அதற்காகத்தான். ஆனால் துருவின் மேலேயே பெயின்ட் அடித்தால் ஈரத்தையும் உப்பையும் உள்ளே வைத்துப் பூட்டியதாகும். முதலில் உப்புத்தாளால் பளபளப்பான உலோகம் தெரியும்வரை தேயுங்கள். கடலோர வீடு என்றால் நல்ல தண்ணீரில் கழுவி, நன்றாகக் காயவிடுங்கள். பிறகு ரெட் ஆக்சைடு, அதன் மேல் பெயின்ட். ரெட் ஆக்சைடின் செந்நிறமும் இரும்பு ஆக்சைடுதான். மூன்று எலக்ட்ரான்களையும் முன்பே கொடுத்துத் தீர்த்துவிட்ட இரும்பு என்பதால் அது மேற்கொண்டு துருப்பிடிக்காது.

கிரில் கம்பி சுவரில் புதையும் இடம், கேட்டின் அடிப்பட்டை, போல்ட்டின் தலைக்கு அடிப்புறம், மொட்டைமாடித் தொட்டியின் தாங்குகால் ஆகிய நான்கையும் ஒவ்வோர் ஆண்டும் வடகிழக்குப் பருவமழைக்கு முன் பார்த்துவிடுங்கள். புரட்டாசியில் கால் டப்பா பெயின்ட்டோடு முடியும் வேலை, சில வருடம் தள்ளிப்போட்டால் புதுக் கம்பியோடும் வெல்டிங்கோடும்தான் முடியும்.